ஒரு பைப்பில் எத்தனை ஒயர்? கட்டுப்பாட்டு ஒயரிங்கில் நிரப்பளவுக் கணக்கு

"இந்தப் பைப்பில் எத்தனை ஒயர் போகும்?" மின்பணி நடக்கும் எந்தக் கட்டடத்திலும் காதில் விழும் கேள்வி இது. கேள்வி ஒன்றுதான், விடைதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் அரை அங்குல மெல்லிய எஃகுக் குழாயின் உள்விட்டம் 15.8 மி.மீ. அதில் சுமார் 2 சதுர மி.மீ. செம்பு கொண்ட மெல்லுறை ஒயர்கள் 12 வரை அனுமதி. பிரிட்டனின் கையேட்டுக் கணக்குப்படி 20 மி.மீ. குழாயின் குறுகிய நேர் ஓட்டத்தில் 1.5 சதுர மி.மீ. பலபுரி ஒயர்கள் 14 செல்லும். இந்தியாவில் மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு அதே 20 மி.மீ. குழாய்க்கு, அதே 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 5 என்கிறது. வளைவு இருந்தால் 4.

செம்பும் பி.வி.சி.யும் எங்கும் ஒன்றுதான் என்னும்போது 14க்கும் 5க்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன்? குழாயின் சுவர்த் தடிமன், ஒயர் உறையின் தடிமன் ஆகியவற்றின் வேறுபாடு இதில் சிறு பங்குதான். ஒவ்வொரு விதியும் வெவ்வேறு ஆபத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதே பெரிய காரணமாகத் தோன்றுகிறது. 24 வோல்ட் ரிலே, தெர்மோஸ்டாட், தீ எச்சரிக்கை மணி, உணர்கருவி போன்றவற்றின் கட்டுப்பாட்டு ஒயர்களுக்கு இந்த விதிகளைப் பொருத்தும்போது அந்த வேறுபாடு கூடுதலாகத் துலங்குகிறது. மின்வழங்கல் ஒயர்களுக்காகப் பிறந்த எண்களில் எவை இங்கும் செல்லும், எவை செல்லாது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கல்

இத்தகைய 24 வோல்ட் ஒயர்களைக் குறிக்கும் 'லோ வோல்டேஜ்' என்ற சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் 'லோ வோல்டேஜ்' என்றால் மின்விசிறி சோம்பிச் சுற்றும் நிலை; 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வருவது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வரையறையில் குறைமின்னழுத்தம் என்பது மாறுமின்னோட்டத்தில் 1000 வோல்ட் வரை நீள்கிறது; நம் வீட்டு மின்சாரமே அதற்குள் அடங்கிவிடும். 50 வோல்ட்டுக்கு உட்பட்டதை அது மிகக்குறை மின்னழுத்தம் எனப் பிரிக்கிறது. அமெரிக்கத் தொழில் வழக்கில் 'லோ வோல்டேஜ்' என்று பேச்சளவில் குறிப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, மின்னழுத்தத்தை மட்டும் வைத்துப் பிரிக்காமல், மூலத்திலிருந்து எவ்வளவு மின்திறன் வரமுடியும் என்பதையும் வைத்துக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளை மூன்று வகுப்பாக்குகிறது. திறன் கட்டுப்படுத்தப்பட்ட மூலத்தில் இயங்கும் இரண்டாம் வகுப்புதான் தெர்மோஸ்டாட் ஒயர்களின் வழக்கமான இடம். இக்கட்டுரையில் 'கட்டுப்பாட்டு ஒயர்' என்பது பெரிதும் இவ்வகையையே குறிக்கிறது.

விழுக்காட்டு நிலைப்பாடு

1897இல் முதன்முதலாக வெளியான அமெரிக்க விதித்தொகுப்பின் இன்றைய வடிவில், ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் அட்டவணை மூன்று எண்களைத் தருகிறது. குழாயில் ஒரே ஒயர் என்றால் உட்பரப்பில் 53% வரை நிரப்பலாம்; இரண்டு என்றால் 31%; மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40%. கனடாவும் இதே எண்களைப் பின்பற்றுகிறது. ஆஸ்திரேலிய–நியூசிலாந்து நெறியில் இவை 50, 33, 40 எனச் சற்று விலகி நிற்கின்றன. 600 மி.மீ.க்கு மிகாத குறுந்துண்டுக் குழாய்க்கு அமெரிக்க விதி 60% வரை விட்டுக்கொடுக்கிறது.

ஒன்றுக்கு 53, மூன்றுக்கு 40. நடுவில் இரண்டுக்கு மட்டும் 31 என இறங்குவது பார்ப்பவருக்கு வியப்பூட்டும். விளக்கம் வடிவியலில் இருக்கிறது. இரண்டு வட்டங்கள் பக்கம் பக்கமாகத்தான் கிடக்க முடியும். ஒயரின் விட்டத்தைப் போல் சரியாக இருமடங்கு விட்டமுள்ள குழாயில் அவை இறுக்கமாக அடங்கும்போதும் நிரம்புவது பாதிப் பரப்புதான். மூன்று வட்டங்கள் முக்கோணமாகக் கூடினால் சுமார் 65% வரை நிரம்பும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என ஏழு கூடினால் 78%. ஆகவே இரண்டு ஒயர்தான் குழாயை மிக வீணாக்கும் எண்ணிக்கை. 31% என்ற கட்டுப்பாட்டின்படி குழாய் விட்டம் ஒயர் விட்டத்தைப் போல் குறைந்தது 2.54 மடங்கு இருக்கவேண்டும். மூன்று ஒயருக்கு 40% என்றால் 2.74 மடங்கு. இப்படிப் பார்த்தால் எண்கள் ஏறி இறங்கினாலும் குழாயின் அளவு சீராகத்தான் கூடுகிறது.

இம்முறையின் பலம் அதன் எளிமை. ஒயர்களின் குறுக்குப் பரப்பைக் கூட்டி, குழாயின் உட்பரப்பால் வகுத்தால் போதும். வெவ்வேறு தடிமன் கலந்திருந்தாலும் கணக்கு நிற்காது. உறையுள்ள பல கோர் கேபிளை, உள்ளே எத்தனை கோர் இருந்தாலும், ஒரே ஒயராக எண்ணவேண்டும். தட்டைக் கேபிளின் நீள் அகலத்தையே விட்டமாகக் கொண்டு முழு வட்டமாக மதிப்பிடவேண்டும். 7 மி.மீ. அகலமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள நீள்வட்டக் கேபிளின் உண்மைப் பரப்பு 22 சதுர மி.மீ.தான், விதி அதை 38.5 என்று எண்ணுகிறது. தட்டைக் கேபிள் குழாய்க்குள் முறுக்கிப் புரளும் என்பதால் இந்தக் கூடுதல் நியாயமானதே.

பலவீனமும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. நீளமும் வளைவும் இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. இழுக்கும் தூரமும் வளைவுகளும் இயல்பான அளவுக்குள் இருந்தால்தான் இந்த எண்கள் பொருந்தும். மற்ற இடங்களில் பெரிய குழாயையோ குறைந்த நிரப்பையோ எண்ணிப்பார்க்க வேண்டும் என்று அட்டவணையின் குறிப்பே எச்சரிக்கிறது. வெளிப்படையாக ஓடும் ஒயரை அடிபடாமல் காக்க ஆங்காங்கே மாட்டும் குழாய்த் துண்டுக்கு அட்டவணை பொருந்தாது என்பதும் அங்கேயே இருக்கிறது. கட்டுப்பாட்டு ஒயரிங்கில் இத்தகைய துண்டுகள் மிகுதி என்பதால் இந்தக் குறிப்பு கவனத்துக்குரியது.

வட்டங்களை வட்டத்துக்குள் அடுக்கும் கணிதம் இதற்கு முழு விடை தருமா என்றால், அதுவும் மெதுவாகவே நகர்கிறது. 19 சம வட்டங்களை மிக நெருக்கமாக அடுக்கும் வழி இதுதான் என்று ஃபெரன்ஸ் ஃபோடோர் நிறுவியது 1999இல்தான். குழாய்க்குள் இழுபடும் ஒயர் அப்படி அழகாக அடுக்கிக்கொண்டு செல்வதும் இல்லை. 40% என்பது அடுக்கின் எல்லையை ஒட்டிய எண் அன்று. அதிலிருந்து வெகுதூரம் பின்வாங்கிய எண்.

காரணி நிலைப்பாடு

பிரிட்டனின் பி.எஸ். 7671 ஒயரிங் விதிகளுடன் வழங்கும் களக் கையேடு விழுக்காட்டை வெளியில் காட்டுவதில்லை. ஒவ்வொரு ஒயருக்கும் ஓர் எண், ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண். ஒயர்களின் எண்களைக் கூட்டினால் வருவது குழாயின் எண்ணைத் தாண்டக்கூடாது. 3 மீட்டருக்கு மிகாத நேர் ஓட்டத்தில் 1.5 சதுர மி.மீ. பலபுரி ஒயரின் காரணி 31, 2.5க்கு 43. 20 மி.மீ. குழாயின் காரணி 460, 25 மி.மீ.க்கு 800. 460ஐ 31ஆல் வகுத்துத்தான் முன்னே சொன்ன 14 கிடைக்கிறது.

ஓட்டம் நீண்டாலோ வளைவு வந்தாலோ வேறு அட்டவணைக்கு மாறவேண்டும். அங்கே ஒரே குழாயின் காரணி நீளம் கூடக்கூடவும், வளைவு ஒன்று, இரண்டு, மூன்று எனப் பெருகப் பெருகவும் படிப்படியாக இறங்குகிறது. அமெரிக்க அட்டவணை குறிப்பில் சொல்லி விட்டுவிட்ட இழுவைச் சிரமத்தைப் பிரிட்டிஷ் முறை எண்ணாகவே மாற்றிவிடுகிறது. இது பெரிய முன்னேற்றம். மூடியைத் திறந்து ஒயரை மேலிருந்து கிடத்தும் டிரங்கிங்குக்கு மட்டும் 45% என்ற இடவிழுக்காடு தொடர்கிறது. இழுக்கவேண்டாத இடத்தில் வளைவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற தர்க்கம் அதில் தெரிகிறது.

ஆனால் காரணிகள் வழக்கமான ஒற்றைக்கோர் ஒயர்களுக்கே பட்டியலிடப்பட்டுள்ளன. ஆறு கோர் எச்சரிக்கைக் கேபிளுக்கோ, கவசமிட்ட உணர்கருவிக் கேபிளுக்கோ அங்கே எண் இல்லை. கட்டுப்பாட்டுப் பணி செய்பவர் வெளிவிட்டம் ஒத்த ஒயரின் காரணியைக் கடன் வாங்க நேர்கிறது, அது மதிப்பீடுதான்.

எண்ணிக்கை அட்டவணை நிலைப்பாடு

இந்திய நடைமுறை மூன்றாவது வழி. மத்திய பொதுப்பணித் துறையின் மின்பணி விவரக்குறிப்பு, ஒயரின் அளவையும் குழாயின் அளவையும் வைத்து நேரடியாக எண்ணிக்கை தருகிறது. ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு பத்திகள். இழுபெட்டிகளுக்கு இடையே 4.25 மீட்டருக்கு மிகாமலும், நேர்கோட்டிலிருந்து 15 பாகைக்கு மேல் விலகாமலும் ஓடும் குழாய்க்கு ஒன்று. அதற்கு மேல் விலகும் குழாய்க்கு மற்றொன்று. 1.5 சதுர மி.மீ. ஒயர் 20 மி.மீ. குழாயில் 5, வளைவிருந்தால் 4, 25 மி.மீ. குழாயில் 10, வளைவிருந்தால் 8, 32 மி.மீ.யில் 18, வளைவிருந்தால் 12. எல்லா ஒயரையும் ஒரே நேரத்தில் இழுப்பதற்கான கொள்ளளவு இது என்றும் அட்டவணை தெளிவுபடுத்துகிறது.

இவற்றை விழுக்காடாக மாற்றிப் பார்ப்பது பயனுள்ளது. ஒயரின் வெளிவிட்டம் 3 மி.மீ., 20 மி.மீ. குழாயின் உள்விட்டம் 17 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஒயர் நிரப்புவது சுமார் 16% மட்டுமே. அமெரிக்க வரம்பில் பாதியும் இல்லை. இந்த இடைவெளியைக் கட்டட முறையோடு சேர்த்துப் படிக்கலாம். இங்கே பைப் பெரும்பாலும் ஸ்லாப் கான்கிரீட்டுக்குள்ளும் சுவரைக் கொத்திய காடிக்குள்ளும் புதைகிறது. ஒயர் சிக்கிக்கொண்டால் சுவரை உடைப்பதைத் தவிர வழி குறைவு. கான்கிரீட் போடும்போது மிதிபட்டு நசுங்கிய பைப், அதற்குள் இறங்கிய சிமெண்ட் பால் என எல்லாவற்றுக்கும் இடம் விட்டுவைத்த எண்ணாக இதைக் கொள்ளலாம்.

குழாயின் பெயரளவும் ஒப்பீட்டைக் குழப்பும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் 20 மி.மீ., 25 மி.மீ. என்பவை வெளிவிட்டம். அமெரிக்க அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்பவை வணிகப் பெயர்கள். முக்கால் அங்குல மெல்லிய எஃகுக் குழாயின் உள்விட்டம் 20.9 மி.மீ. பெயரை மட்டும் மொழிபெயர்த்து ஒரு நாட்டு அட்டவணையை மறுநாட்டுக் குழாய்க்குப் பயன்படுத்தினால் பிழை அங்கேயே தொடங்கிவிடும்.

எண்ணிக்கை அட்டவணைக்குக் கணக்கே தேவையில்லை. அது அதன் பலம். அட்டவணையில் இல்லாத கேபிள் வந்தால் அது பேசாது. பல கோர்க் கட்டுப்பாட்டுக் கேபிள்கள் பெரும்பாலும் அதில் இல்லாதவை.

வெப்பம் பற்றிய வாதம்

மேற்கண்ட மூன்றும் 'எவ்வளவு இடம்' என்ற கேள்வியின் விடைகள். 'எவ்வளவு சூடு' என்பது வேறு கேள்வி. அமெரிக்க விதியில் ஒரே குழாயில் மின்னோட்டம் தாங்கும் ஒயர்கள் 4 முதல் 6 வரை இருந்தால் ஒவ்வொன்றின் தாங்குதிறனும் 80% ஆகக் குறைக்கப்படும். 7 முதல் 9 வரை 70%. 10 முதல் 20 வரை 50%. மின்வழங்கல் ஒயரிங்கில் நிரப்பளவுக்கு முன்பே இந்தக் குறைப்புதான் எண்ணிக்கையை முடிவு செய்வதும் உண்டு.

கட்டுப்பாட்டு ஒயரில் இந்த வாதம் பெரும்பாலும் வலுவிழக்கிறது. 1.5 சதுர மி.மீ. செம்பின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 வாட் வெப்பம். உணர்கருவிச் சுற்றில் ஓடும் அதிகபட்ச 20 மில்லி ஆம்பியர் அதே ஒயரில் உண்டாக்கும் வெப்பம் அதில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. அத்தகைய ஒயர் ஐம்பது சேர்ந்தாலும் குழாய் சூடாகாது. விதித்தொகுப்பும் இதை ஏற்கிறது: முதல் வகுப்புச் சுற்றுகளில்கூட, ஒயரின் தாங்குதிறனில் 10%க்கு மேல் தொடர்ந்து சுமை இருந்தால்தான் குறைப்புக் காரணி பொருந்தும்.

ஆக, கட்டுப்பாட்டு ஒயருக்கு நிரப்பளவு வரம்பு வைக்க வெப்பத்தைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் பொருந்தாது. காரணம் வேறு இடத்தில் இருக்கவேண்டும்.

இழுவை பற்றிய வாதம்

அந்தக் காரணம் இழுவை என்பதே கேபிள் இழுப்பைப் பொறியியலாக அணுகுவோரின் நிலைப்பாடு. உருளையைச் சுற்றிய கயிற்றின் இழுவிசை பற்றி 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஆராய்ந்த கணக்கே இதன் அடிப்படை. ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு 0.35 என்று கொண்டால், ஒரு கால்வட்ட பெண்டைக் கடக்கும்போது இழுவிசை 1.7 மடங்கு, இரண்டு பெண்டில் 3 மடங்கு, விதி அனுமதிக்கும் உச்சமான நான்கு பெண்டில் 9 மடங்கு.

நான்கு இணைத் தரவுக் கேபிளை 110 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 11 கிலோ விசைக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது தொழில்நெறி. முதல் பெண்டுக்குள் நுழையும்போது 2 கிலோ விசை இருந்தால், இரண்டு பெண்டுக்குப் பின் 6 கிலோ. நான்கு பெண்டுக்குப் பின் 18 கிலோ. நிரப்பளவு 20%ஆக இருந்தாலும் கேபிள் காயப்படும். தொலைத்தொடர்புக் குழாய்வழிகளுக்கான டி.ஐ.ஏ. 569 நெறி இழுபுள்ளிகளுக்கு இடையே 30 மீட்டரையும் இரண்டு கால்வட்ட பெண்டையும் வரம்பாக வைப்பதன் பொருள் இந்தக் கணக்கில் விளங்கும்.

இழுவை வாதத்தின் இன்னொரு கண்டுபிடிப்பு பொதுப்புத்திக்கு முரணானது. குறைவாக நிரப்பினால் எப்போதும் பாதுகாப்பு என்பது சரியில்லை. மூன்று சம விட்ட ஒயர்களை இழுக்கும்போது, குழாயின் உள்விட்டம் ஒயர் விட்டத்தைப் போல் 2.8 முதல் 3.2 மடங்குக்குள் இருந்தால், வளைவில் மூன்றும் ஒரே வரிசையில் படுத்துக் குறுக்கே ஆப்பாக இறுகக்கூடும் என்று அமெரிக்க அட்டவணையின் குறிப்பு எச்சரிக்கிறது. விழுக்காட்டில் அந்த வரம்பு 38 முதல் 29 வரை. 40% விதி முழுமையாக அனுமதிக்கும் பகுதி.

ஓர் எடுத்துக்காட்டு. உள்விட்டம் 22 மி.மீ. உள்ள ஒரு 25 மி.மீ. பைப், வெளிவிட்டம் 7 மி.மீ. உள்ள கட்டுப்பாட்டுக் கேபிள்கள். குழாயின் உட்பரப்பு 380 சதுர மி.மீ., கேபிளின் பரப்பு 38.5. நான்கு கேபிள் என்றால் 40.5%, வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. மூன்று என்றால் 30.4%; தாராளமாகத் தேறுகிறது. ஆனால் 22ஐ 7ஆல் வகுத்தால் 3.14, இறுகும் வரம்புக்குள். பரப்புக் கணக்கு நிம்மதியாகத் தேற்றிவிட்ட எண்ணிக்கையை விட்டக் கணக்கு சந்தேகிக்கிறது. நேர் பைப்பில் இது பொருட்டில்லை. இரண்டு பெண்டு இருந்தால் 32 மி.மீ. பைப்புக்குப் போவதோ, மூன்றுக்கும் பதிலாக ஒரே பல கோர்க் கேபிளைத் தேர்வதோ புத்திசாலித்தனம்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அதற்கு வேண்டிய தரவு களத்தில் கிடைப்பது அரிது என்பதே. உராய்வுக் கெழு உறைக்கு உறை மாறும். மசகு போட்டால் ஒன்று, தூசி படிந்திருந்தால் வேறு. இறுகும் விகிதமும் கெட்டியான மின்வழங்கல் ஒயர்களை மனத்தில் வைத்தது. நெகிழ்வான கட்டுப்பாட்டுக் கேபிள் அதே அளவு பிடிவாதம் காட்டுமா என்பது தெளிவில்லை.

விலக்கு கோரும் வாதமும் அதன் எதிரொலியும்

வெப்பம் இல்லை என்றால் விழுக்காடே எதற்கு என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு விதித்தொகுப்பிலேயே ஆதரவு கிடைக்கிறது. ஒளியிழைக் கேபிள்கள் மின்ஒயர் கலக்காமல் தனியே ஓடும்போது நிரப்பளவு அட்டவணையிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. இரண்டாம் வகுப்புச் சுற்றுகளுக்கும் இதே விலக்கு உண்டா என்பதில்தான் வாசிப்புகள் பிரிகின்றன. கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கான பிரிவு பொது அதிகாரத்திலிருந்து கடன் வாங்குவது ஒரு பொதுக் கொள்கையைத்தான்: வெப்பம் வெளியேறவும், ஒயரைக் காயமின்றி நுழைக்கவும் உருவவும் இடம் இருக்கவேண்டும். எண் எதுவும் அதில் இல்லை என்பது ஒரு தரப்பு. ஒவ்வொரு குழாய்வகைக்குமான பிரிவு கேபிள்களையும் அதே விழுக்காட்டு அட்டவணைக்கு உட்படுத்துகிறதே என்பது மறுதரப்பு.

இந்த விவாதம் முடிவதற்குள் வெப்பம் வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் முறை 2003இல் 15.4 வாட்டில் தொடங்கியது. 2018இல் வந்த 802.3 பி.டி. தரநிலையில் மூலமுனையில் 90 வாட் வரை உயர்ந்தது. கேமரா, விளக்கு, கதவுப்பூட்டு எல்லாம் இன்று இதில் இயங்குகின்றன. மெல்லிய கேபிள்கள் கட்டுக்கட்டாக ஓடும்போது நடுவில் உள்ளது சூடாகிறது. 2017ஆம் ஆண்டு அமெரிக்க விதித்தொகுப்பு, கட்டில் எத்தனை கேபிள் என்பதைப் பொறுத்து மின்னோட்ட வரம்பு தரும் அட்டவணையைச் சேர்த்தது. கட்டுப்பாட்டு ஒயரில் வெப்பமே இல்லை என்ற கூற்றை இனி பொதுவாகச் சொல்லமுடியாது; எந்தக் கேபிள், எவ்வளவு மின்னோட்டம் என்று கேட்டே சொல்லவேண்டும்.

கலந்து ஓட்டுவது

இடம் மிச்சமிருக்கிறது என்பதற்காக 230 வோல்ட் ஒயரோடு 24 வோல்ட் ஒயரையும் ஒரே பைப்பில் விடலாமா என்பதற்கு எந்த நிரப்பளவுக் கணக்கும் விடை சொல்லாது. பிரிட்டிஷ் விதி, எல்லாக் கேபிளின் காப்புறையும் அங்குள்ள உச்ச மின்னழுத்தத்தைத் தாங்கினால் சேர்த்து ஓட்ட இடம் தருகிறது. அமெரிக்க விதி இரண்டாம் வகுப்பை மின்வழங்கல் ஒயரிலிருந்து பொதுவாகப் பிரித்தே வைக்கச் சொல்கிறது. மின்தூண்டலால் சமிக்ஞை கெடும் என்பது இவற்றுக்கு அப்பாற்பட்ட தனிக் காரணம். 20% மட்டுமே நிரம்பிய பைப்பும் இந்தக் கோணத்தில் தவறான பைப்பாக இருக்கலாம்.

மதிப்பீடு

'எத்தனை ஒயர் போகும்' என்ற ஒரே வாக்கியத்தில் இடம், சூடு, இழுவை என மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்க விழுக்காடு முதலாவதற்கு எளிய விடை. தாங்குதிறன் குறைப்பு இரண்டாவதற்கு. பிரிட்டிஷ் காரணியும் இந்திய அட்டவணையும் மூன்றாவதைத் தம் எண்ணுக்குள்ளேயே சேர்த்துக்கொள்கின்றன. சாதாரணக் கட்டுப்பாட்டு ஒயரில் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் விலகிவிடுவதால், தீர்மானிப்பது இழுவைதான். அப்படியானால் 40% என்பதை இலக்காக அன்றி உச்சவரம்பாகக் கொள்வதும், நீளமும் வளைவும் கூடும்போது அதிலிருந்து இறங்குவதும், மூன்று சம கேபிள் வரும் இடத்தில் விட்ட விகிதத்தையும் சரிபார்ப்பதும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பின்னால் ஒரு கேபிள் சேர்க்க நேரும் என்ற எதிர்பார்ப்பும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

தீராதவையும் உள்ளன. நெகிழ்வான பல கோர்க் கேபிள்களுக்கெனக் காரணிகள் வகுக்கப்பட வேண்டியுள்ளது. பல தடிமன் கலந்த கட்டு வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இறுகும் விகிதம் போன்ற எளிய அளவுகோல் இல்லை. மின்சாரமும் சுமக்கும் தரவுக் கேபிள்கள் புதைகுழாய்க்குள் எவ்வளவு சூடாகும் என்பது, திறந்த தட்டில் கிடக்கும் கட்டை வைத்து முழுமையாகச் சொல்லக்கூடியதன்று.

இவை தீரும் வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 30% என்று கணக்கு சொல்லும் பைப்பில் மூன்று கேபிள் சிக்கிக்கொள்ளலாம். 45% என்று சொல்லும் இரண்டடி நேர்ப் பைப்பில் கேபிள் தடையின்றி ஓடலாம். ஆகவே வரைபடத்தில் பைப்பின் அளவோடு ஓட்டத்தின் நீளத்தையும் பெண்டுகளின் எண்ணிக்கையையும் கேபிளின் வெளிவிட்டத்தையும் எழுதிவைத்தால், எந்த நாட்டு முறையைப் பின்பற்றினாலும், ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து இழுக்கப்போகிறவருக்கு விடையின் மீதிப் பாதியும் கிடைத்துவிடும்.